ஓலைக்கால், சீலைக்கால்

பேத்தி டி.வி.யில் ஏதோ நகைச்சுவைத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். உடனே ஒரு சிரிப்பு. செருப்பைக் கழற்றினான். அதற்கும் ஒரு சிரிப்பு. உட்கார நாற்காலி தேடினான். சிரித்தே மாய்ந்துபோனார்கள்.

"யாரும்மா இது சிரிக்கிறது? ஆளையே காணோமே" என்றேன்.

"அது மெஷின் சிரிப்பு தாத்தா. எங்கெங்க சிரிக்கணுமோ அங்கங்க அவங்களே போட்டுருவாங்க."

சொன்னால் நம்பமாட்டாள். அந்த மெஷின் வேலையை நான் பார்த்திருக்கிறேன், சினிமா ஸ்டுடியோவிலேயே. என்ன, என் சிரிப்பில் சத்தம் மட்டும் இருக்காது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்து மகள் பண்டிகைக்கு எடுத்திருந்த சேலையை மடிப்புப் பிரித்து என் முன்னால் விரித்தாள். புதுத்துணிக் கஞ்சி வாசனை குப்பென்று வந்தது. அந்த வாசனை என் மூக்கில் ஏறினால் நான் எந்த ஊரில் இருந்தாலும் புதுக்கோட்டைக்குப் போய்விடுவேன். கலர் எப்படிப்பா என்று அவள் கேட்டதற்கு என்ன பதில் சொன்னேனோ தெரியாது.

இரண்டாவது உலக யுத்தம் நடந்த வருஷங்கள். நான் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தா. ஜவுளிக்கடை என்று பேர்தானே தவிர ஜவுளி கிடையாது. எல்லாம் கண்ட்ரோல். கார்டுக்கு இத்தனை கஜம் என்று அளந்து கொடுக்க வேண்டும். சரக்கு வருகிற அன்றைக்கு வாசலில் தள்ளுமுள்ளு. மற்ற நாளெல்லாம் அலமாரிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், எதிரே நான் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பேன். கடைக்குப் பின்னால் பெரிய குடோன். துணிப் பேல் கட்டுகள் இல்லாத குடோனில் பேசினால் குரல் கணீரென்று எதிரொலிக்கும். அந்த எதிரொலி கொடுத்த தைரியத்தில்தான் நாங்கள் நாடகம் போட ஆரம்பித்தோம். எங்கள் சபாவுக்கு ஒரு பெயர்கூட உண்டு. நோட்டீஸ் அடிக்கும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வரும்.

நாடகத்தை எழுதியவன் நான். வேறு யாருக்கும் கையெழுத்து நன்றாக இல்லை, அதுதான் காரணம். அப்போது ஊருக்கு ஊர் தமுக்கடித்து பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விருப்பமுள்ளவனைத்தான் கூப்பிட்டார்கள். என் நாடகத்து ராஜா அந்த வேலையே வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு ஒரு பையன் வந்தே தீர வேண்டும் என்று உத்தரவு போட்டுவிடுவார். கலப்பை பிடித்துக்கொண்டிருந்த பையன்களை அப்படியே இழுத்து வந்து நிறுத்துவார்கள். ஒருவனுக்கும் இடது வலது தெரியாது. ஹவில்தார் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு காலில் பனையோலையும் மறு காலில் சீலைத்துணியும் கட்டச்சொல்லி, "ஓலைக்கால்! சீலைக்கால்!" என்று கத்தி நடக்கவைப்பார். இது நான் கண்டுபிடித்ததில்லை. பழைய நாளில் பட்டாளத்தில் அப்படித்தான் பழக்கினார்கள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதையே நாடகத்துக்குப் பேராகவும் வைத்தேன். ஹவில்தார் வேஷமும் நானே கட்டினேன். எழுதுகிறவனுக்கு அந்தச் சௌகரியம் உண்டு.

இனி கறுப்பையா. குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமம். பேல் தூக்கத்தான் கடையில் சேர்ந்தான். தூக்குவதற்குப் பேல் இல்லாததால் பெருக்குவான், தண்ணீர் தெளிப்பான், குமாஸ்தாக்களுக்கு டீ வாங்கி வருவான். ஆறடி உயரம், என்னைவிட ரெண்டு வயது இளையவன். எழுத்து தெரியாது. ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், வசனம் அச்சாக வரும். பட்டாளத்துப் பையன்களில் ஒருவனாக, வரிசையின் கடைசியில் நிறுத்தினேன். வசனமே இல்லாத வேஷம்.

முதல் ஒத்திகைக்கு அவரவர் வீட்டிலிருந்து ஒரு ஓலையும் ஒரு பழைய சீலைத்துண்டும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எல்லாரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். கறுப்பையா மட்டும் இரண்டு காலிலும் ஓலை கட்டியிருந்தான்.

"ஏன்டா, சீலை எங்கடா?" என்றேன்.

"எங்க வீட்ல ஒரே சீலைதாண்ணே. அத ஆத்தா கட்டிருக்கு" என்றான்.

குடோனே அதிர்ந்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான்தான். அவனும் கொஞ்சம் சிரித்தான். அப்புறம் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் சிரிப்பு அடங்குகிறவரை பொறுத்திருந்து, "வேணும்னா ஆத்தாளயே பட்டாளத்துக்கு வரச் சொல்லட்டா?" என்றான். மறுபடியும் சிரிப்பு. அன்றைக்கே அந்த இரண்டு வாக்கியத்தையும் நாடகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சுருக்கென்றது. அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். நாள் முழுக்கச் சேலைக்கடையில் நிற்கிற தடியன் நான், அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. அடுத்த சரக்கு வந்ததும் என் வீட்டுக் கார்டுக்கு ஒரு சேலை எடுத்து, காகிதத்தில் சுற்றி அவனிடம் நீட்டினேன்.

"வேணாம்ண்ணே."

"ஏன்டா?"

"இத வாங்கிட்டா அப்பறம் மேடையில அந்த வார்த்தைய எப்புடிண்ணே சொல்றது?"

முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் கையை நீட்டவில்லை. நானும் விடாமல் மூன்று நாள் கெஞ்சிப் பார்த்தேன், அவன் மசியவில்லை. என் பிடிவாதத்தை உடும்புப்பிடி என்று என் வீட்டில் சொல்வார்கள். அவன் பிடிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

நாடகம் போட்ட இடமெல்லாம் அந்தக் கட்டம் பிய்த்துக்கொண்டு போனது. கந்தர்வக்கோட்டைத் திருவிழாவில் முந்திரிக்காட்டு ஜனம் முழுக்க வந்து உட்கார்ந்திருந்தது. "அத ஆத்தா கட்டிருக்கு" என்றதும் எழுந்த சிரிப்பில் பெட்ரோமாக்ஸ் விளக்கே ஆடியதாக இன்றும் நான் அளப்பதுண்டு. துணிப்பஞ்சம் எல்லா வீட்டிலும் இருந்தது அல்லவா? சிரித்தவர்களில் பாதிப் பேர் ஒட்டுப்போட்ட துணியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பட்டாளத்தைக் கேலி செய்கிறோம் என்று யாரோ எழுதிப்போட, ஒரு போலீஸ் அதிகாரி வந்து முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்தார். அந்தக் கட்டம் வந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அதற்கப்புறம் எங்களுக்குத் தொந்தரவில்லை.

கறுப்பையாவின் கெட்டிக்காரத்தனம் அந்த நடுவாந்திரத்தில்தான். முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்பான். காதைச் சொறிவான். சிரிப்பு ஏறி, உச்சிக்குப் போய், இறங்குகிற நேரம் அவனுக்குத் தெரியும். கடைசி ஆள் மூச்சு வாங்கும்போது அடுத்ததைப் போடுவான். ஒரு எழுத்து வீணாகாது. அதற்காகவே அவனைக் கடைசியிலிருந்து வரிசையின் முதலுக்குக் கொண்டுவந்தேன்.

இப்படி ஒரு நாள் பட முதலாளி ஒருவர் நாடகத்தைப் பார்த்தார். சென்னையிலிருந்து வந்தவர். "பையன்கள் அசல் பட்டிக்காட்டுப் பையன்களாகவே இருக்கிறார்கள், அப்படியே வாருங்கள்" என்றார். அசலாகவே பட்டிக்காட்டுப் பையன்கள்தான் என்பதை நாங்கள் சொல்லிக்கொள்ளவில்லை. கடையில் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, ஓலையும் சீலையும் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினோம். கறுப்பையாவின் தாயார் ஸ்டேஷன்வரை வந்து, "சூதானமா போயிட்டு வாங்கப்பா, இவன அங்கிட்டு இங்கிட்டு விட்றாதீங்க" என்று என்னிடம்தான் ஒப்படைத்தார். அவர் கட்டியிருந்த சேலையை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்த்துவிட்டேன். முந்தானையில் கை அகலத்துக்கு ஒட்டு.

ஸ்டுடியோவில் ஒன்பது நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பத்தாவது நாள் அந்தக் கட்டம் வந்தது.

கறுப்பையா முதல் வாக்கியத்தைச் சொன்னான். வானத்தைப் பார்த்தான், அதாவது மேலே பலகையில் விளக்கோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். காதைச் சொறிந்தான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"கட்! ஏன்யா மரமாட்டம் நிக்கறே? வசனம் மறந்துபோச்சா?" என்று டைரக்டர் கத்தினார்.

"மறக்கலீங்க."

"அப்ப சொல்லேன்யா!"

மறுபடி எடுத்தார்கள். மறுபடி நின்றான். மூன்றாவது தடவையும் நின்றான். யுத்தகாலத்தில் பிலிமுக்கும் கண்ட்ரோல். ஒரு படத்துக்கு இத்தனை அடிதான் என்று சர்க்கார் கொடுக்கும். டைரக்டர் ஒவ்வொரு அடிக்கும் ரத்தம் சிந்துகிறவர்போலத் துடித்தார். நான்காவது தடவை கறுப்பையா பயந்துபோய் நிற்காமல் கடகடவென்று ஒப்பித்தான். அது நின்றதைவிட மோசம். பெற்ற தாயைத் திட்டுவதுபோல் இருந்தது.

டைரக்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி, ஓரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஸ்டுடியோ நடிகர் ஒருவரைப் பார்த்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த வசனத்தை அவர் சொல்லட்டும். இந்த ஆளைப் பின்னால நிறுத்துங்கோ."

எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ! நான் சாதாரணமாக அதிகாரிகளைக் கண்டால் கும்பிடுகிற ரகம். அன்றைக்கு நேரே போய், ஒட்டியிருந்த ஹவில்தார் மீசையைப் பிய்த்து டைரக்டர் கையில் வைத்தேன். பிசின் இழுத்து உதடு எரிந்தது.

"என்னய்யா இது?"

"இதயும் அவருக்கே ஒட்டிருங்க. நாங்க ஊருக்குப் போறோம்."

ஹவில்தார் இல்லாத காட்சியே படத்தில் கிடையாது. ஒன்பது நாள் எடுத்த பிலிமும் போய்விடும். முதலாளி வெலவெலத்துப்போய் ஓடிவந்தார். "ஒரு வசனம்தானே தம்பி, யாரு சொன்னா என்ன?"

யார் சொன்னாலும் ஒன்றா? அது நான் எழுதிய வசனமா? ஒரு மனிதன் தன் வீட்டு நிலவரத்தைச் சொன்னான். நாங்கள் அதை எடுத்து நாடகமாக்கி ஊர் ஊராகக் கைதட்டல் வாங்கினோம். இனி அதை வெற்றிலை வாயோடு இன்னொருவர் சொல்ல, சொந்தக்காரன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? முடியாது என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. கறுப்பையாவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? முடியாது, முடியாது என்பதையே நாலைந்து விதமாகச் சொன்னேன்.

கடைசியில் டைரக்டர் இறங்கி வந்தார். "ஒரே டேக். அதுலயும் சொதப்பினா ரெண்டு பேரும் தாராளமா ரயிலேறலாம்."

ஸ்டுடியோவுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் கறுப்பையா குந்தியிருந்தான். சோற்றைத் தொடவில்லை.

"ஏன்டா நிக்கிற? இங்கதான் யாருமே சிரிக்க மாட்டாங்களே. சிரிச்சா மைக்குல விழுந்துரும், அதான் சிரிக்கப்படாதுன்னு உத்தரவு."

"தெரியும்ண்ணே. ஆனாக்க, சொல்லிட்டு நிக்கயில யாராச்சும் சிரிச்சா அது தமாசு. யாருமே சிரிக்கலன்னா, எங்காத்தாளுக்குச் சீலை இல்லன்னு ஊரக் கூட்டிச் சொன்ன மாதிரியில்ல இருக்கு? அடுத்தது வாயில வர மாட்டேங்குதுண்ணே."

அவ்வளவு நாளும் அவன் சிரிப்புக்குக் காத்து நின்றது சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். அந்தச் சிரிப்பில்தான் அவன் மானம் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. அழுவதற்கு அதுவா நேரம்?

"எந்திரிடா. நீ சொல்லு. நான் சிரிக்கிறேன்."

"சத்தம் கேக்குமேண்ணே."

"கேக்காம சிரிக்கிறேன். என் வாய மட்டும் பாரு. நான் வாய மூடுனதும் அடுத்தத சொல்லு."

குழாயடியிலேயே ஒத்திகை பார்த்தோம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு எதற்கு வம்பு என்று தள்ளிப் போய்விட்டார்.

அந்த ஷாட்டில் கறுப்பையா மட்டும்தான் தெரிவான். நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றபடி கேள்வி கேட்க வேண்டும். கேட்டேன். அவன் சொன்னான். நான் வாயைத் திறந்தேன்.

கந்தர்வக்கோட்டை ஜனம் மொத்தத்தையும் மனதில் கொண்டுவந்து சிரித்தேன். தோள் குலுங்கியது, வயிறு ஏறி இறங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. தொடையில் தட்டக் கையை ஓங்கி, தொடாமல் நிறுத்தினேன். மூச்சுக்கூட வெளியே வரவில்லை. கறுப்பையா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. வானத்தைப் பார்த்தான், காதைச் சொறிந்தான். மேலே பலகையில் இருந்த விளக்குக்காரர்கள் என் கோலத்தைப் பார்த்துவிட்டுத் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டார்கள். ஒருவர் விழப்பார்த்தார். என் சிரிப்பு ஏறி, உச்சிக்குப் போய், இறங்கியது. வாயை மூடினேன்.

"வேணும்னா ஆத்தாளயே பட்டாளத்துக்கு வரச் சொல்லட்டா?"

டைரக்டர் கட் சொல்ல மறந்து நின்றார். சொன்ன பிறகு, "நல்லாத்தான் இருக்கு. நடுவுல எதுக்குய்யா இவ்வளவு இடைவெளி?" என்று முணுமுணுத்தார். திரும்ப எடுக்கப் பிலிம் ஏது? இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அதோடு எனக்கு உத்தியோகம் ஏறியது. கறுப்பையா பேசுகிற காட்சியெல்லாம் கேமரா பக்கத்தில் நின்று சத்தமில்லாமல் சிரிப்பது என் வேலை. படப்பிடிப்பு முடிகிறவரை அதைப் பார்த்தேன். தாடை வீங்கிப்போனது.

படம் புதுக்கோட்டைக்கு வந்த முதல் நாள், பகல் காட்சி. அந்தக் கட்டம் வந்தது. "அத ஆத்தா கட்டிருக்கு" என்றான் திரையில் கறுப்பையா. கொட்டகை வெடித்தது. சிரிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. திரையில் அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு, காதைச் சொறிந்துகொண்டு பொறுமையாக நின்றான். கடைசி ஆள் மூச்சு வாங்கிய கணத்தில் அடுத்ததைச் சொன்னான். அளந்து தைத்த சட்டைபோல அந்த இடைவெளிக்குள் எங்கள் ஊர்ச் சிரிப்பு சரியாக வந்து உட்கார்ந்தது. நான் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிக்கொண்டேன். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

பெண்கள் பக்கம் தரையில் கறுப்பையாவின் தாயார் உட்கார்ந்திருந்தார். மகன் பட வேலையில் கிடைத்ததை வைத்து வாங்கிக் கொடுத்த புதுச்சேலை. கஞ்சிகூடப் போகவில்லை. காட்சி முடிந்து வெளியே வந்தவர் முகம் கடுகடுவென்று இருந்தது. என்னவோ ஆகிவிட்டது என்று நாங்கள் கையைப் பிசைந்தோம்.

"ஏன்டா இவனே, ஒரே சீலைன்னு ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொல்லிட்டியே! எனக்கு ரெண்டு சீலைடா. ஒண்ணு கொடியில காஞ்சுக்கிட்டில்ல கெடந்துச்சு?"

"அது கிழிஞ்சது ஆத்தா."

"கிழிஞ்சா சீலை இல்லைன்னு ஆயிருமா? பொய்யி, அம்புட்டும் பொய்யி!" என்றவர், கொஞ்ச தூரம் நடந்து, யாருக்கும் தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் பார்த்தேன். அவரும் சத்தமில்லாமல்தான் சிரித்தார்.

அப்புறம் எங்களை யாரும் படத்துக்குக் கூப்பிடவில்லை. நான் கடைக்குத் திரும்பினேன். கறுப்பையா கட்டுமாவடிப் பக்கம் போய்க் கருவாட்டு வியாபாரம் பார்த்து அங்கேயே தங்கிவிட்டான். வருஷங்கள் ஓடின. எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகு, அவன் யாரிடமோ சொல்லி எழுதவைத்த ஒரு தபால் கார்டு வந்தது. "நம்ம படம் எங்க ஊரு டெண்டுக் கொட்டகையில ஓடுதுண்ணே. ரெண்டே நாளுதான். வெரசா வாங்க."

பஸ் மாறி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். சாயங்காலம் முதல் ஆட்டம். மணலைக் குவித்து உட்கார்ந்தோம். மீன் வாசனையும் கடல்காற்றுமாக இருந்தது. சுற்றிலும் இளவட்டங்கள். டெரிலின் சட்டை, பளபளவென்று நைலான் சேலை. படத்தில் ஒரே கீறல், மழை பெய்வதுபோல் கோடு கோடாக விழுந்தது. அந்தக் கட்டம் வந்தது.

"எங்க வீட்ல ஒரே சீலைதாண்ணே. அத ஆத்தா கட்டிருக்கு."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

சிரிக்காததில் எனக்கு வருத்தமில்லை. வீட்டில் ஒரே சேலை என்றால் என்னவென்று தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது நல்லதுதானே? ஆனால் திரையில் அவன் நிற்கிறானே! வானத்தைப் பார்த்துக்கொண்டு, காதைச் சொறிந்துகொண்டு, சின்னப்பையன் கறுப்பையா நின்றுகொண்டே இருக்கிறான். கொட்டகையில் விசில் பறந்தது. "யோவ் ஆபரேட்டரு, ரீலு நின்னுபோச்சு! தூங்கிட்டியா?" என்று ஒருவன் கத்தினான்.

என் பக்கத்தில் கறுப்பையா தலையைக் குனிந்துகொண்டான். மணலில் விரலால் ஏதோ கீறினான்.

நான் சிரித்தேன். இந்தத் தடவை வாயைத் திறந்து, தொண்டை கிழிய, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி. தொடையில் ஓங்கி ஓங்கி அடித்துச் சிரித்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெருசுக்குப் பித்து என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். ஏற்றி, உச்சிக்குக் கொண்டுபோய், இறக்கினேன்.

கறுப்பையா என் கையைப் பிடித்து அழுத்தினான். "அண்ணே, சத்தம் போடாதீங்கண்ணே. டேக்கு ஓடிக்கிட்டிருக்கு" என்றான்.

நான் வாயை மூடினேன். திரையில் அவன் அடுத்ததைச் சொன்னான்.

அந்த டெண்டுக் கொட்டகை இப்போது இல்லை. சென்னையில் ஸ்டுடியோ இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. படத்தின் பிரதிக்காக நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. பழைய பிலிமையெல்லாம் அதிலிருந்து வெள்ளி எடுக்க எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். இன்னும் தேடுவதாகத்தான் இருக்கிறேன். கறுப்பையா போன வருஷம் போய்விட்டான். நான் போவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

நேற்று பேத்தி படிப்பதற்காக டி.வி.யின் சத்தத்தை நிறுத்திவிட்டு, படத்தை மட்டும் எனக்காக விட்டுப் போனாள். எவனோ ஒருவன் மேலே பார்த்துக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறந்து, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தேன். ஏற்றி, உச்சிக்குக் கொண்டுபோய், இறக்கி, வாயை மூடினேன்.

அடுத்த வசனம் வரவில்லை.